சட்டத்துக்குள் போன பெயர்

பழனி அடிவாரத்தில் படக்கடையைத் தேடிப் போகவேண்டியதில்லை. பஞ்சாமிர்த டப்பாக்களின் அடுக்கு முடிந்து, விபூதிப் பொட்டலமும் கழுத்துக் கயிறும் தொங்கும் கடை முடிந்ததும், சுவர் முழுக்க முருகன் நிற்பார். ஆண்டிக் கோலத்தில், ராஜ அலங்காரத்தில், வேடனாக, குழந்தையாக, மயில்மேல் வள்ளி தெய்வானையோடு. தெரு வெளிச்சம் கண்ணாடிகளில் பட்டு ஒன்றின் முகம் தெரியும்போது இன்னொன்றின் முகம் மறையும்.

தை மாதம். பாதயாத்திரைக் கூட்டம் வந்துகொண்டே இருக்கிறது. பச்சை வேட்டி, காவித் துண்டு, வெடித்த பாதத்தில் சுற்றிய துணி. மொட்டைத் தலைகளில் சந்தனம் காய்ந்து கோடு கோடாகப் பிரிந்திருக்கிறது. எதிர் டீக்கடைப் பெஞ்சில் ஓர் ஓரம் கிடைத்தது. அங்கிருந்து பார்த்தால் படக்கடையின் உள்பக்கம் நேராகத் தெரிகிறது.

கடைக்காரருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. சம்மணமிட்டு உட்கார்ந்து, முன்னால் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு வேலை பார்க்கிறார். சட்டத்துக்கான கழியை மூலைக்குச் சாய்வாக அறுக்கிறார். நாலு கழியும் ஒரே மூச்சில். பிறகு கண்ணாடி. அளவுகோலை ஒட்டி வைர முனையால் ஒரு கோடு, கீச்சென்று ஒரு சத்தம், இரண்டு கையாலும் பிடித்து மெல்ல அழுத்தினால் கோட்டோடு பிரிந்து வருகிறது. சுருட்டி வைத்த படத்தை விரித்து அட்டையின்மேல் போடுகிறார். படத்தின் அடியில் வெள்ளை விளிம்பு. அதில் அச்சகத்தின் பெயர், ஓர் எண். பழைய வரைவுகளாக இருந்தால் கீழ் மூலையில் ஓவியரின் கையெழுத்து. விளிம்பைக் கத்தரித்துப் போடுகிறார். கையெழுத்து படத்துக்குள்ளேயே இருந்தால், சட்டத்தின் உள்விளிம்பு அதன்மேல் ஏறி உட்காரும்படி அரை விரல் தள்ளி வைக்கிறார். ஆணி அடித்து, பின்பக்கம் பழுப்புக் காகிதம் ஒட்டியதும் படம் தயார். அந்தப் படத்தை எழுதியவர் யாரென்று அது போகும் வீட்டில் யாருக்கும் இனித் தெரியவராது. கடைக்காரர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாங்குகிறவர்களுக்கு வேண்டியது முருகன்.

காரைக்குடிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று வந்து நிற்கிறது. மகன் ஆண்டிக் கோலத்தைக் கையில் எடுக்கிறான். கோவணம், கையில் தண்டம், நெற்றி நிறைய நீறு, பின்னால் மலையும் படியும்.

“வீட்டுல ஆண்டி வேணாம்ப்பா. ராசா அலங்காரம் எடு” என்கிறார் அம்மா.

“சாமி ஒண்ணுதான் ஆச்சி” என்கிறார் கடைக்காரர், கையை நிறுத்தாமல். “ஆனா நெறயப் பேரு அப்படித்தான் கேக்குறாங்க. எதுன்னாலும் எடுத்துக்குங்க.”

எல்லாவற்றையும் விட்டுவிட்டு மலையேறியவரை வீட்டுக்குள் மாட்டினால் வீடும் அப்படி ஆகிவிடும் என்ற பயம் பல குடும்பங்களில் உண்டு. மலையின் மேல் அந்தப் பேதம் கிடையாது. கோவணத்தோடு இருப்பவருக்கே சாயரட்சையில் கிரீடமும் பட்டும் ஏறுகின்றன. படத்துக்கு வந்ததும்தான் அவர் இரண்டு பேராகப் பிரிகிறார். மகன் ஒன்றும் சொல்லாமல் ஆண்டியைத் திரும்ப மாட்டுகிறான். அம்மா ராஜ அலங்காரத்தைக் கையில் வாங்கி, முகத்தருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்க்கிறார்.

அவ்வளவு நேரம் மலையில் பார்த்திருக்க முடியாது. தைப்பூசக் கூட்டத்தில் மூலவர் முன்னால் கிடைப்பது சில நொடிகள். போகர் நவபாஷாணத்தால் செய்தார் என்று மரபு சொல்லும் அந்தத் திருமேனி, மேற்குப் பார்த்து, விளக்கொளியில், மாலைக்கும் துணிக்கும் நடுவே நிற்கிறது. தேய்ந்த திருமேனி, அபிஷேகத்தைக்கூடக் கணக்காகத்தான் செய்கிறார்கள். கருவறையைப் படம் எடுக்க முடியாது. 2023 அக்டோபர் முதல் மலைக்கோயிலுக்குள் கைப்பேசியே கொண்டுபோகக் கூடாது. அப்படியென்றால் ஊரூராக, பூஜை அறைகளிலும் லாரிகளிலும் மளிகைக் கடைகளிலும் நாம் பழனி முருகனின் முகம் என்று கும்பிடும் அந்த முகம், அந்த உருண்ட கன்னமும் பாதிச் சிரிப்பும், ஓர் ஓவியரின் கையிலிருந்து வந்தது. கேமராவுக்கு அதில் பங்கில்லை. சிற்பிக்கும் நேரடிப் பங்கு குறைவுதான்.

ஒன்பது மணிவாக்கில் பெரியவர் ஒருவர் துண்டில் சுற்றிய பழைய படத்தோடு வருகிறார். உடுமலைப் பக்கத்துப் பேச்சு.

“ஏனுங்க, கண்ணாடி உடைஞ்சு போச்சு. மாத்திக் குடுத்தீங்கன்னா சாமி பாத்துட்டு வந்து வாங்கிக்கிறேன்.”

கடைக்காரர் சட்டத்தைத் திருப்பி, துருப்பிடித்த ஆணிகளைக் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறார். சட்டம் கழன்று வருகிறது. எத்தனையோ வருஷம் சாம்பிராணிப் புகையும் சுவர் வெயிலும் பட்டு வெளுத்துப்போன முருகனைச் சுற்றி, சட்டம் மறைத்திருந்த இடத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்குப் பழைய வண்ணம் அப்படியே இருக்கிறது. ஆழ்ந்த சிவப்பு. மயில்கழுத்து நீலம். கீழ் மூலையில், அதே ஒரு விரல் அகலத்துக்குள், இரண்டு பெயர்கள் சேர்ந்தாற்போல ஒரு கையெழுத்து: கொண்டையராஜு, சுப்பையா.

கடைக்காரர் ஈரத் துணியால் தூசியை ஒற்றி எடுக்கிறார். பெயர்மேலும் துணி போகிறது, மெதுவாக.

சி. கொண்டையராஜு 1898இல் மயிலாப்பூரில் பிறந்தவர். சென்னைக் கலைப்பள்ளியில் படித்தார். நிழலும் ஒளியும் வைத்து உருவத்தைத் திரட்சியாகக் காட்டும் ஐரோப்பிய முறை அங்கே சொல்லித் தரப்பட்டது. கொஞ்சகாலம் திருவண்ணாமலையில் ரமணர் அருகில் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனிக்குச் சீன் எழுதப் போனார். தர்பார் சீன், காட்டு சீன், தெரு சீன் என்று திரைச்சீலைகள். கம்பெனியோடு ஊர் ஊராகச் சுற்றியவர் 1940களில் கோவில்பட்டியில் நிலைகொண்டார். திருமணம் செய்துகொள்ளவில்லை. டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம், மீனாட்சிசுந்தரம் என்று சீடர்கள் சேர்ந்தார்கள். சிவகாசி அச்சகங்கள் பக்கத்தில் இருந்தன, கழுகுமலை முருகனும் பக்கத்தில் இருந்தார். 1976இல் அவர் மறையும்வரை அந்தப் பட்டறையிலிருந்து போன சாமி படங்கள்தான் தமிழ்நாட்டின் காலண்டர்களில் ஏறின. சீடர் சேர்ந்து எழுதிய படத்தில் சீடர் பெயரையும் தன் பெயரோடு சேர்த்துப் போட்ட ஆசான் அவர். அந்த இரட்டைப் பெயரைத்தான் சட்டம் இத்தனை வருஷம் மறைத்து வைத்திருக்கிறது.

நாடகச் சீன் எழுதிய கை என்று தெரிந்துகொண்டு சுவரிலிருக்கும் ராஜ அலங்காரத்தைப் பார்த்தால் படம் வேறாகத் தெரிகிறது. இரண்டு பக்கமும் தூண். மேலே சிவப்புத் திரை ஒதுக்கிக் கட்டப்பட்டு, குஞ்சம் தொங்குகிறது. கறுப்பு வெள்ளைச் சதுரக் கற்கள் பதித்த தரை பின்னோக்கிச் சுருங்கிக்கொண்டே போகிறது. நடுவே, எங்கிருந்தோ ஒரு விளக்கு முகத்தில் மட்டும் விழ, முருகன். திரை இப்போதுதான் விலகியிருக்கிறது, இன்னும் ஒரு நொடியில் அவர் பேசப்போகிறார் என்ற நிலை. கருவறையில் தீபாராதனைக்கு முன் திரையை இழுக்கும் நொடியும் இதுவே. கொண்டையராஜு கோயில் திரையையும் கொட்டகைத் திரையையும் ஒன்றாக்கிவிட்டார். இதை மலிவான அலங்காரம் என்று ஒதுக்கும் கலை விமர்சனத்தோடு என்னால் உடன்பட முடியவில்லை. ஒளி எங்கே விழவேண்டும், கண் எங்கே போய் நிற்கவேண்டும் என்று தீர யோசித்த வேலை இது.

இதே யோசனை கடலுக்கு அப்பால் வேறொரு மண்ணில் முன்னமே நடந்திருக்கிறது. ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த மெக்சிகோவில், பதினேழு பதினெட்டாம் நூற்றாண்டுகளில், தேவாலயச் சுவர்களை நிறைத்த பரோக் ஓவியங்களும் மேடைக் காட்சிகள்தான். கிறிஸ்டோபால் டி வில்யால்பாண்டோ 1683இல் புவெப்லா பேராலயத்துக்காக ஏறத்தாழ 28 அடி உயரத் துணியில் ஒரு படம் எழுதினார். கீழே பாலைநிலத்தில் மோசே உயர்த்திய வெண்கலப் பாம்பு. மேலே மலை. மலைமேல் ஒளியாக மாறி நிற்கும் கிறிஸ்து. கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவனுக்கு நிழலில் தொடங்கி ஒளியில் முடியும் ஏற்றம் அது. ஐந்து வருஷம் கழித்து அதே பேராலயத்தின் ஒரு கவிகை மாடத்தை உள்பக்கம் முழுவதும் மேகமும் வானவர்களுமாக நிறைத்தார். மோசே படத்தில் கையெழுத்துப் போட்டபோது பெயரோடு நிறுத்தாமல், காட்சியைக் கற்பித்ததும் தானே என்று சேர்த்து எழுதினார். அங்கே அந்தப் பெயரைச் சட்டம் மறைக்கவில்லை. 2017இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அந்தப் படத்தைக் கொண்டுவந்து மாட்டியபோது உலகமே அண்ணாந்து பார்த்தது.

இரண்டுக்கும் நடுவே ஒரு தலைகீழ் உறவும் இருக்கிறது. மெக்சிகோ ஓவியர்களுக்கு ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தவை சின்னச் சின்னக் கறுப்பு வெள்ளை அச்சுப் படங்கள். ரூபன்ஸ் போன்றவர்களின் ஓவியங்களைச் செதுக்கி அச்சிட்ட தாள்கள். அந்தக் கையளவுத் தாளைப் பார்த்து, வண்ணத்தைத் தாங்களே கற்பித்து, சுவரளவு ஓவியமாக்கினார்கள். நம் பக்கத்தில் கோவில்பட்டியில் எழுதிய ஒரே ஓவியம் சிவகாசி இயந்திரத்தில் ஏறிப் பல்லாயிரம் தாளானது. அவர்களுக்குத் தாள் ஓவியமாயிற்று, நமக்கு ஓவியம் தாளாயிற்று. ஓவியத்துக்கு அருங்காட்சியகம் கிடைத்தது. தாளுக்கு ஆணியும் ஊதுபத்தியும் கிடைத்தன. ஆனால் ஓர் ஏழை வீட்டின் சுவர்வரைக்கும் போய்ச் சேர்ந்தது தாள்தான்.

கடைக்காரரின் மனைவியாக இருக்கவேண்டும், உள்ளே ஓர் அம்மாள் தனியாக ஒரு வேலையில் இருக்கிறார். பெரிய ராஜ அலங்காரப் படம் ஒன்றின் கிரீடத்திலும் மார்புப் பதக்கத்திலும் பசையைத் தொட்டுத் தொட்டு வைத்து, ஜிகினாத் தூளைத் தூவுகிறார். படத்தைச் சாய்த்துத் தட்டினால் ஒட்டாத தூள் காகிதத்தில் விழுகிறது. அதை வீணாக்காமல் மடித்துத் திரும்ப டப்பாவில் போடுகிறார். பிறகு சிவப்புக் கல், பச்சைக் கல். முகத்தின் பக்கம் மட்டும் விரல் போவதில்லை. செட்டிநாட்டு வீடுகளில் ரவிவர்மா அச்சகத்துப் படங்களுக்கு ஜரிகைப் பாவாடை கட்டி, மணி தைத்து வைத்திருப்பார்கள்; அங்கேயும் முகத்தைத் தொடமாட்டார்கள். மெக்சிகோவில் மிகேல், ஹுவான் கொன்சாலெஸ் என்ற ஓவியர்கள் சிப்பி ஓட்டின் பளபளப்பான உள்பக்கத்தைச் சீவிப் பலகையில் பதித்து, அதன்மேல் மெல்லிய வண்ணம் பூசிக் கிறிஸ்துவின் வாழ்க்கையை எழுதினார்கள். விளக்கின் முன்னால் அந்த உடைகள் மினுங்கும். சாமிக்கு உடை போடுவதில் வண்ணம் மட்டும் போதவில்லை என்று எல்லா இடத்திலும் கைகளுக்குத் தோன்றியிருக்கிறது.

வெயில் ஏறிவிட்டது. டீக்கடைக்காரர் இரண்டாவது டீயைக் கேட்காமலே வைத்துவிட்டுப் போகிறார். காரைக்குடிக் குடும்பம் படத்தோடு படிக்கட்டுப் பக்கம் நடக்கிறது. பாத விநாயகர் முன்னால் படத்தைச் சாய்த்து வைத்து, சூடம் ஏற்றி, தேங்காய் உடைத்துவிட்டுத்தான் ஊருக்கு எடுத்துப் போவார்கள். கடையில் வாங்கியது அங்கே வைத்து எடுத்த பிறகுதான் சாமியாகும்.

மெக்சிகோ நகருக்கு வடக்கே டெபெயாக் என்று ஒரு குன்று. 1531இல் ஹுவான் தியேகோ என்ற பூர்வகுடி மனிதருக்கு அங்கே மாதா காட்சி தந்தார், அவர் போர்த்தியிருந்த துணியிலேயே தன் உருவத்தைப் பதித்தார் என்பது நம்பிக்கை. அதற்கு முன்பும் அந்தக் குன்று ஒரு தாய்த் தெய்வத்தின் இடமாக இருந்தது. குன்றையும் தெய்வத்தையும் பிரித்துப் பார்க்காத நமக்கு இதைப் புரிந்துகொள்ள விளக்கம் தேவையில்லை. அந்தத் துணியிலிருக்கும் குவாதலூப்பே மாதாவைத்தான் மெக்சிகோ ஓவியர்கள் திரும்பத் திரும்ப எழுதினார்கள். முகம் ஒரு நூல்கூட மாறக்கூடாது. ஆப்பிரிக்க வம்சாவழியில் வந்த ஹுவான் கோர்ரேயா என்ற ஓவியரிடம், மூலப் படத்தின்மேல் எண்ணெய்த் தாளை வைத்து எடுத்த அளவுப் படி ஒன்று இருந்தது. அதை வைத்துத்தான் நகல்கள் சரியாக வரத் தொடங்கின என்று பின்வந்தவர்கள் பதிவு செய்தார்கள். 1751இல் மிகேல் கப்ரேரா உள்ளிட்ட ஓவியர்கள் மூலத் துணியை அருகில் வைத்துப் பார்த்து ஆராய்ந்தார்கள். கப்ரேரா அதை 1756இல் நூலாகவே எழுதினார். போப் பதினான்காம் பெனடிக்டுக்கு ஒரு நகல் எழுதி அனுப்பியவர், இன்னொன்றைத் தன்னிடமே வைத்துக்கொண்டார், மேற்கொண்டு நகல் எழுத. எழுதி முடித்த நகலை மூலத் துணியில் தொட்டு எடுத்து, தொட்டு எடுத்தது என்று படத்தின் அடியிலேயே எழுதியும் வைத்தார்கள். பாத விநாயகர் முன்னால் சாய்ந்திருக்கும் ராஜ அலங்காரத்துக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பல நகல்களின் ஓரங்களில் காட்சி தந்த கதையைக் கட்டம் கட்டமாக எழுதி, அடியில் டெபெயாக் குன்றையும் கோயிலையும் காட்டியிருப்பார்கள். ஆண்டிக் கோலப் படத்தின் பின்னால் தெரியும் மலையும் படிக்கட்டும்கூட அதே காரணத்துக்காகத்தான் இருக்கின்றன. வெளியூரில் இருப்பவருக்கு முகம் மட்டும் போதாது, போய்ச் சேரவேண்டிய இடமும் தெரியவேண்டும்.

ஒரு நூல்கூட மாறாத முகம் என்பது இன்றைய பழனியில் அரிதாகிக்கொண்டிருக்கிறது. சுவரின் வலது பாதியில் புதிய படங்கள். கம்ப்யூட்டரில் செய்தவை. முருகனுக்குத் திரண்ட தோள், செதுக்கிய வயிறு, கண்ணில் போர்க்களத்துக் கோபம், பின்னால் மின்னல். இளைஞர்கள் அவற்றைத்தான் முதலில் தொடுகிறார்கள். அவர்களுடைய பக்தியும் உண்மைதான், பார்த்தாலே தெரிகிறது. ஆனால் அந்த முகங்கள் ஒவ்வொரு வருஷமும் மாறுகின்றன. தாத்தாவும் பேரனும் ஒரே முகத்தைக் கும்பிட்ட தொடர்ச்சி அங்கே அறுபடுகிறது. அது எனக்கு வலிக்கிறது. கோவில்பட்டிப் பட்டறையின் கையெழுத்து ஓவியங்களைத் தேடிச் சேர்த்து, எழுதியவர் பெயரோடு மாட்டி வைக்க ஒரு பெரிய கூடம் தமிழ்நாட்டுக்கு வேண்டும். சோழர் செம்புக்குக் கொடுக்கும் கவனத்தில் ஒரு பங்காவது இதற்கும் வேண்டும். இதைவிட அதிகமாக நாம் கும்பிட்ட ஓவியம் வேறு இல்லை.

உடுமலைப் பெரியவர் தரிசனம் முடித்து, நெற்றியில் ஈர விபூதியோடு திரும்பி வருகிறார்.

“படம் ரொம்ப வெளுத்திருச்சுங்க ஐயா. அதே மாதிரி புதுசு ஒண்ணு போட்டுத் தரட்டுமா?” கடைக்காரர் மூன்று நான்கு தாள்களை விரிக்கிறார்.

பெரியவர் ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். குனிந்து, கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டு.

“இது அந்த மொகமில்லீங்க.”

“இதுங்க?”

“இதும் இல்லீங்க. பழசே இருக்கட்டும்.”

பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, புதுக் கண்ணாடி போட்ட பழைய முருகனைத் துண்டில் சுற்றி வாங்கிக்கொள்கிறார். கடைக்காரருக்கு வருத்தமில்லை. தாள்களைச் சுருட்டி ரப்பர் போடுகிறார்.

அதற்குள் இன்னொருவர் வந்துவிட்டார். கழுத்தில் ஜெபமாலை போட்ட ஒரு பெண், ஸ்வெட்டர் கையில் மடித்திருக்கிறது. கொடைக்கானலுக்குப் பஸ் ஏறும் அவசரம். பையிலிருந்து சலேத் மாதா படம் ஒன்றை எடுக்கிறார். பழனிக்கு மேலே அதே மலைத்தொடரில், சேசு சபையின் சென் சீர் அடிகளார் 1866இல் எழுப்பிய கோயிலின் மாதா. பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் 1846 செப்டம்பர் 19 அன்று மாடு மேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகளுக்குக் காட்சி தந்த அன்னை, இருபது வருஷத்தில் இந்த மலைக்கு வந்து சேர்ந்தார். ஆகஸ்ட் 14, 15 திருவிழாவுக்கு எல்லா மதத்தாரும் மலையேறுவார்கள். கொடைக்கானலில் இன்னொரு முனையில், 1936இல் எழுந்த குறிஞ்சி ஆண்டவர் கோயிலிலிருந்து, வானம் தெளிவாக இருந்தால் கீழே இந்தப் பழனி மலையும் தெரியும். கடைக்காரருக்கு இரண்டும் பழக்கம். படத்தைக் கையில் வாங்கியதும் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார். மலைப்பாறையின்மேல் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கும் தாய். மார்பில் சிலுவை. சிலுவையின் ஒரு பக்கம் சுத்தியல், மறுபக்கம் குறடு.

“இத எதுக்கும்மா வச்சிருக்காங்க?”

“ஆணி அடிச்சதும் நாமதான், பிடுங்கறதும் நாமதான்னு சாமியார் சொல்வாருங்கண்ணா.”

கடைக்காரர் தலையாட்டுகிறார். பலகையின்மேல் கிடந்த சுத்தியலை நகர்த்தி, அந்த இடத்தில் படத்தை விரிக்கிறார். அடியில் வெள்ளை விளிம்பு. கத்தரிக்கோலை எடுக்கிறார்.

“கண்ணாடி வேணாங்கண்ணா, கொண்டை ஊசி வளைவுல பஸ் ஆட்டுற ஆட்டத்துல உடைஞ்சிரும். லேமினேஷனே போடுங்க. எவ்வளவு ஆகும்?”

அவர் சொன்ன விலைக்கு அந்தப் பெண் ஒத்துக்கொள்ளவில்லை. பேரம் கொஞ்ச நேரம் நடக்கிறது. கூட்டத்தில் கடை மறைந்துவிட்டதால் முடிவாக என்ன விலைக்குப் போனது என்று பெஞ்சிலிருந்து கேட்கவில்லை. தெருவில் அடுத்த காவடி வந்துவிட்டது, மேளத்தோடு.